அசிட்டோனில் கழுவிய குழாய்கள்

ஆயிஷா சித்திகாவைக் கெடுத்தது சுத்தம். கை கழுவாமல் வடை தின்கிறவர்கள் நிறைந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படியொரு கேடு அவளுக்கு மட்டும்தான் வாய்த்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வேதியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கச்சா எண்ணெயில் இருக்கும் அஸ்பால்டீன் என்கிற கரும்பொருள்தான் விஷயம். எண்ணெய்க் குழாய்களை அடைத்து கம்பெனிக்காரர்களின் உயிரை வாங்கும் சரக்கு. டொலுயீன் என்கிற கரைப்பானில் கரையும், கரைந்த பிறகும் கும்பல் கும்பலாகவே திரியும். மேலும் டொலுயீன் ஊற்றி நீர்க்க வைத்தால் கும்பல் கலையும் என்பது உலகத்தார் கண்டது. கலையவே கலையாது என்பது ஆயிஷா கண்டது. அடுத்த மாதம் கொடுக்கவேண்டிய ஆய்வேடு அந்த ஒரு முடிவின் மேல்தான் நின்றது.

அளப்பது காந்த ஒத்ததிர்வுக் கருவியில். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்கினால், உள்ளே இருப்பது திரையில் மேடுகளாகத் தெரியும். குழாய்களைக் கழுவிக் கழுவித்தான் பயன்படுத்துவார்கள்: கொஞ்சம் டொலுயீன், பிறகு சீக்கிரம் காய அசிட்டோன். ஆயிஷா மற்றவர்களைவிட இரண்டு தடவை கூடுதலாக அசிட்டோன் விடுவாள்.

ஒரு மதியம் ஜூனியர் முத்துமீனா கூப்பிட்டாள்.

"அக்கா, வெறும் டொலுயீன்தான் ஊத்துனேன். அஸ்பால்டீன் மேடு தெரியுது பாருங்க."

"குழாயைக் கழுவாம ஊத்துனியா?"

"உங்க குழாய்தான்க்கா. நீங்க கழுவுனதாச்சேன்னு தைரியமா எடுத்தேன்."

உட்காருவதற்குள் ஆயிஷாவுக்குப் புரிந்துவிட்டது. அஸ்பால்டீனுக்கு அசிட்டோன் ஆகாது. குழாயில் மிச்சமிருக்கும் துளிக் கறுப்பு, அசிட்டோன் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் டொலுயீனில் இறங்கும். அவள் நீர்க்க வைத்த கரைசல் எதுவும் நீர்த்ததே இல்லை. அசிட்டோனில் அஸ்பால்டீன் கரையாது என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தவளும் அவள்தான்.

புதுக் குழாய்களில் அளந்தாள். கும்பல் சமர்த்தாகக் கலைந்தது.

நெறியாளர் வெங்கட்ரமணன் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நீர்க்க வச்ச கடைசிப் புள்ளிகளை மட்டும் எடுத்துடலாமா?"

"அதை எடுத்தா ஆய்வேடே இல்ல சார்."

"இதை வச்சுப் போட்ட கட்டுரை அச்சுல வந்தாச்சேம்மா. ரெண்டு பேர் மேற்கோள்கூட காட்டியிருக்காங்க."

"அதுல ஒருத்தர் நீங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "என்ன செய்யப்போற?"

"பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன். அம்புட்டையும் மறுபடி அளக்கணும்."

"அளந்தா ஊர் உலகம் சொன்னதுதான் வரும்."

"வரட்டும் சார்."

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் அத்தா ஜலீல் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் டாக்டராயிருவேன்னு தெருப்பூராச் சொல்லி வச்சிருக்கேன்."

"இப்ப இல்லத்தா. திரும்ப முதல்ல இருந்து."

"அப்ப இம்புட்டு நாளா என்னதான்மா கண்டுபிடிச்ச?"

"மத்தவங்க சொன்னதெல்லாம் சரின்னு."

ஜலீல் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.