ரிம்மின் உள்விளிம்பு

என் மகன் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரில் வேகம் தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பள்ளிக்கால நண்பனிடம் காட்டினான். அவனும் என்னிடம் படித்தவன்தான். இரண்டு முறை வீல் பாலன்ஸ் செய்தும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு முன் சக்கரங்களைப் பின்னால் மாட்டி ஓட்டிப் பார்த்தான். ஸ்டியரிங் அமைதியானது, சீட் அதிர்ந்தது. கோளாறு சக்கரத்தில்தான் என்று கழற்றிப் பார்த்தால், ஒரு ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருந்தது.

"எலே, எங்கயோ கல்லுல நல்லா இடிச்சிருக்க," என்றான் நண்பன்.

"இந்த வண்டிய நான் மட்டுந்தாம்லே ஓட்டுதேன். டயர் கழட்டும்போது நீ நெளிச்சுட்டு என்னையச் சொல்லுதியா?" என்றான் மகன்.

நண்பனின் முகம் வாடிவிட்டது. "சார், நீங்களாவது சொல்லுங்க," என்று, கூடப் போயிருந்த என்னைப் பார்த்தான்.

நான் சொல்லியிருக்க வேண்டும். முந்தின மாதம் மகன் ஊரில் இல்லாதபோது, அவனுக்குத் தெரியாமல் அந்தக் காரைச் சேரன்மகாதேவி வரை ஓட்டிப்போனேன். சாலையில் நெல்லைக் காயப்போட்டு, வண்டிகள் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். எதிரே பஸ் வந்ததும் ஒதுங்கினேன்; முன் சக்கரம் ஒரு கல்லில் மோதியது. வெளியே கீறல்கூட இல்லாததால் பேசாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

எழுபத்து மூன்று வயதில் மகனிடம் திட்டு வாங்க வெட்கப்பட்டு, "எனக்கென்னப்பா தெரியும்," என்றேன்.

அன்றோடு அவர்கள் பேச்சு நின்றது. நான்கு வருடமாகிறது. போன வாரம் அந்த நண்பனின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் பத்திரிகை வந்தது. உறையில் என் பெயர் மட்டும் இருந்தது. மகன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.