தண்ணீருக்கும் பாசிட்டிவ்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், சளியில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பி.சி.ஆர். முறையில் பார்ப்போம். கூடவே ஒரு ட்யூபில் வெறும் தண்ணீரும் வைப்போம். அதில் எதுவும் தெரியக்கூடாது. அன்று தண்ணீரும் பாசிட்டிவ் காட்டியது. எங்கோ கிருமியின் டி.என்.ஏ. கலந்துவிட்டது, எந்த முடிவும் செல்லாது.

வரதய்யபாளையத்திலிருந்து வந்து காத்திருந்த கூலிக்கார அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"தண்ணிக்கே டிபியா? இந்த மெஷின நம்பிக்கினு நான் மாத்திர துன்னணுமா?" என்று எழுந்துவிட்டார்.

நான் விடவில்லை. "இன்னொரு தபா சளி குடும்மா. எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா செய்யறேன்."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இம்முறை தண்ணீரில் ஒன்றுமில்லை. அவருடையது பாசிட்டிவ்.

"இப்ப நம்பறேன். மாத்திர எங்க குடுக்கறாங்க?" என்றார்.

இப்போதெல்லாம் நான் முடிவை மட்டும் சொல்வதில்லை. தண்ணீர் என்ன காட்டியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.