நாய் வருது புள்ள!

லிங்கி போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து முகப்பிலிருக்கும் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க வண்டியை நிறுத்துகிறேன். யாரும் என்னைக் கவனிப்பதாக இல்லை. தோட்டமே கடைக்குள் கூடித் தொலைக்காட்சியைப் பார்க்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த லோகா, நாட்டுக்காக வெளிநாட்டில் ஓடப்போகிறாள். துப்பாக்கி வெடித்ததும் கடையே எழுந்து கத்துகிறது.

“நாய் வருது புள்ள! ஓடு, நாய் வருது!”

நான் விழிப்பதைப் பார்த்து, ரொட்டி சானாய் வீசும் அக்கா சொல்கிறார்: “ஸ்கூல் பஸ்ஸு பெரிய ரோட்டுலதான் நிக்கும்ணே. போற வழியெல்லாம் கருப்பன்னு ஒரு நாய் டெய்லி தொரத்தும். அப்படி ஓடிப் பழகுனவ லா.”

லோகா மூன்றாவதாக வருகிறாள். கைத்தட்டலில் தகரக் கூரை அதிர்கிறது. “அடடா, தங்கம் போச்சே” என்று நான் வாயை விட்டுவிடுகிறேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

“கருப்பனையும் பிளேன்ல ஏத்தி அனுப்பியிருந்தா தங்கம்தான்ணே” என்கிறார் அக்கா, சிரிக்காமல். பிறகு சூடான ரொட்டியைப் பிய்த்து, ஊதி ஆற்றி, மேசைக்கடியில் படுத்திருக்கும் கிழட்டுக் கறுப்பு நாயின் முன்னால் வைக்கிறார்.

“சாப்புடுங்க கோச். மெடல் வந்துருச்சு.”