ஆனி மாதத்தில் என் பிறந்தநாள்

நான் பிறந்தது மாசி மாதத்தில். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த பலூன் படங்களிலும் என் பெயர் பெப்ரவரிப் பலூனுக்குள்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெரிய எடுப்பில் எனக்கு ஒரு பிறந்தநாள் கொண்டாடினார்கள். அத்தனை பேர் வரிசையில் வந்து எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னது அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.

அப்போது நாங்கள் டோர்ட்மண்டுக்கு வெளியே, கால்வாய்க் கரையில் இருந்த ஒரு கம்பிங் வளவில் குடியிருந்தோம். கம்பிங் என்றதும் கூடாரமும் கோடை விடுமுறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே இருபத்துநான்கு வோன்வாகன்கள் நின்றன. வோன்வாகன் என்றால் சில்லுப் பூட்டிய பெட்டி வீடு. சில்லு பேருக்குத்தான். எல்லாம் துருப்பிடித்து மண்ணுக்குள் இறங்கிப் பல வருடமாகிவிட்டது. வேலை போனவர்கள், மனைவி போனவர்கள், ஓய்வூதியத்தில் நகரத்து வாடகையைக் கட்ட முடியாதவர்கள் என்று பலரும் அங்கே ஆண்டு முழுக்க இருந்தார்கள். நாங்கள் மட்டும்தான் தமிழர். அகதி முகாமில் ஓர் அறைக்குள் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்திருந்தோம். அதற்கிடையில் அப்பா வீடு தேடித் தொலைபேசி எடுக்காத இடமில்லை. எங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். கடைசியில் பழைய வோன்வாகன் ஒன்றை வாங்கினார். இரண்டு அடுப்பு வைத்த குசினி அதில் இருந்தது. முகாமில் பதினொரு குடும்பத்தோடு ஒரே அடுப்புக்கு வரிசையில் நின்ற அம்மா, முதல் நாள் அந்தக் குசினிக்குள் போனவர் மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை.

வோன்வாகன் எங்களுடையது, நிலம் ஷெஃப்புடையது. ஷெஃப் என்றால் ஜெர்மன் மொழியில் முதலாளி. அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். மெல்லிய மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட சேர்ட், யாரோடும் சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். கிழமை நாட்களில் பாண் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா, சனி ஞாயிறில் ஷெஃப்புக்காகப் புல் வெட்டினார், குளியலறைகளைக் கழுவினார், பனி தள்ளினார். ஷெஃப் எதைச் சொன்னாலும் "யா, ஷெஃப்" என்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் சின்ன வயதிலேயே ஒரு சந்தேகப் பிராணி. அம்மா இனிப்புத் தந்தால்கூட எதற்காகத் தருகிறார் என்று யோசித்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். அப்பா ஷெஃப்பின் ஆள் என்ற சந்தேகம் எனக்கு முதலே இருந்தது.

அந்த வருடம் வைகாசியில் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. ஷெஃப்பின் அலுவலகத்திலிருந்து கடிதங்களை எடுத்து வருவதும், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதை வாசித்துச் சொல்வதும் என் வேலை. நில வாடகை இரண்டு மடங்காகிறது, புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதவர்கள் ஆவணிக்குள் வோன்வாகனை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுதியிருந்தது. நான் பிழையில்லாமல் வாசித்த சந்தோசத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டார்.

"எங்கை கொண்டு போறதாம்? இதை இழுத்தால் அரைவாசி மண்ணுக்கை நிண்டிடும்" என்றார்.

அடுத்த வோன்வாகனில் இருந்த பெண்மணி முப்பது வருடம் நகரத்துப் பஸ் ஓட்டியவர். நான் அவரைப் பஸ் அன்ரி என்றுதான் சொல்லுவேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் அடிக்கடி எங்கள் பக்கம் வரத் தொடங்கினார். ஒருநாள் அளவு நாடாவும் கொப்பியுமாக வந்து எங்கள் இடத்தின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போனார். அம்மா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "கறி மணம் எண்டு எழுதிக் குடுக்கப் போறா போல" என்றார். அன்றைக்கு அம்மா கதவு யன்னலைச் சாத்திவிட்டுத்தான் கருவாடு பொரித்தார். வீட்டுக்குள் மணம் நின்று எங்களுக்கு மூச்சு முட்டியது.

பஸ் அன்ரிக்கு இருந்த யோசனை வேறு. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கதவோரத்தில் நின்று கேட்டுப் பொறுக்கிச் சேர்த்ததுதான். இருபத்துநான்கு வீடும் ஒன்றாகப் புது ஒப்பந்தத்தை மறுப்பது, ஒரு சங்கமாகப் பதிந்து வளவு முழுவதையும் நியாயமான வாடகைக்குத் தாங்களே குத்தகைக்குக் கேட்பது. ஆனால் எல்லோரும் கையெழுத்து வைத்து முடியும் வரைக்கும் ஷெஃப்புக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துப் பிரித்துவிடுவார். கூட்டம் போட வளவில் இருந்த ஒரே இடம் பழைய சாப்பாட்டுக் கொட்டகை. அதன் பூட்டுத் திறப்பு ஷெஃப்பிடம் இருந்தது.

பஸ் அன்ரி எங்கள் வாசலில் நின்று இதைச் சொன்னபோதுதான் அப்பா வாயைத் திறந்து, கதவோரத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டார். எங்கள் சனம் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு நூறு பேரைக் கூப்பிடும், ஹோல் எடுக்கும், இதில் யாருக்கும் சந்தேகம் வராது என்று அவர் சொல்ல, நான்தான் மொழிபெயர்த்தேன். யாருடைய பிறந்தநாள் என்று அப்போது சொல்லவில்லை. பஸ் அன்ரி என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அம்மா, "ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பிறந்தநாள்" என்றார்.

"எனக்கு மாசியிலதானே?"

"அது திகதிப்படி. இது நட்சத்திரப்படி. நட்சத்திரம் மாதா மாதம் வரும்தானே."

சந்தேகப் பிராணியை இப்படிச் சமாளிக்க முடியுமா? அம்மா அங்கால் போனதும் கதிரையில் ஏறி, டோர்ட்மண்ட் தமிழ்க்கடையில் தந்த கலண்டரைப் பார்த்தேன். என் நட்சத்திரம் பூரட்டாதி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே அத்தம் என்று போட்டிருந்தது. பெரியவர்கள் என் பேரில் ஏதோ கள்ளவேலை செய்கிறார்கள் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

ஆனாலும் புதுச்சட்டை போட்டேன். அப்பா ஷெஃப்பிடம் திறப்பு வாங்கித் திறந்த கொட்டகையில் பலூன் கட்டியிருந்தார்கள். அம்மா றோல்ஸும் வடையும் சுட்டு அடுக்கியிருந்தார். எனக்கு ஒருநாளும் காலை வணக்கம் சொல்லாத நாய்க்காரர் சொக்லட் கொண்டுவந்தார். ஒரு கிழவர் பாவித்த பொம்மை ஒன்றுக்குப் புதிதாக ரிபன் கட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கி வாங்கி மேசையில் வைக்க என் காது சூடாகிக்கொண்டு வந்தது. கேக் வெட்டியதும் பிள்ளைகளை வெளியே விளையாடப் போகச் சொன்னார்கள். நான் பின்பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்தேன். பஸ் அன்ரி கடதாசி ஒன்றை வாசித்தார். றோல்ஸ் உறைத்ததால் நாய்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். அப்பா கடைசியாக வைத்தார். இரண்டு வீட்டுக்காரர் ஊரில் இல்லை, வியாழக்கிழமை வந்துவிடுவார்கள், அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது என்று பஸ் அன்ரி சொன்னது கேட்டது. பிறகு எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்கு முதல் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, வழக்கம்போலக் கடிதம் எடுக்க ஷெஃப்பின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் மேசைக்குக் கீழே இருந்து ஒரு வர்ணப் பெட்டியை எடுத்து நீட்டினார். இருபத்துநான்கு நிறம், இரண்டு தூரிகை. பிறந்தநாள் வாழ்த்து என்றார்.

முதல் நாள் முழுக்கப் பொய்க்குப் பரிசு வாங்கிய பாரம் எனக்கு நெஞ்சுக்குள் இருந்தது. இன்னொன்றை வாங்க ஏலவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்குப் பிறந்தநாள் பெப்ரவரியில், இதை நான் வாங்கக் கூடாது என்று சொன்னேன்.

ஷெஃப் சிரித்தார். அப்படியானால் நேற்று என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டார். ஒரு பெரியவர் கேட்டால் வடிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தார். யார் வாசித்தது, யார் யார் கையெழுத்து வைத்தது, எந்த இரண்டு வீடு பாக்கி, எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னேன். முடிந்ததும், இவ்வளவு நல்ல ஜெர்மன் இந்த வளவில் யாரும் பேசுவதில்லை, அதற்காக இந்தப் பெட்டியை வாங்கிக்கொள் என்றார். அந்தப் பரிசில் பொய் இல்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அந்த வளவில் உண்மையாக நடந்துகொள்ளும் பெரியவர் ஷெஃப் ஒருவர்தான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஷெஃப் நாய்க்காரரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். புதன்கிழமை பொம்மை தந்த கிழவரை. வியாழக்கிழமை ஊரால் வந்து இறங்கிய அந்த இரண்டு வீட்டுக்காரரையும் வளவு வாசலிலேயே மறித்துக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது வீட்டுக்காரர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். வளவில் ஒருவரோடொருவர் கதைப்பது நின்றது. தண்ணீர்க் குழாயடியில் யாராவது நின்றால் மற்றவர் வாளியோடு திரும்பிப் போனார். அம்மா பஸ் அன்ரியைச் சந்தேகித்தார். பஸ் அன்ரி யாரைச் சந்தேகித்தார் என்பது, எங்கள் வாசலில் அவர் நின்று கதைக்காமல் போனபோதே தெரிந்தது. ஷெஃப்புக்குப் புல் வெட்டுகிறவர் எங்கள் வீட்டில்தானே இருந்தார். நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். பெரியவர் கேட்டதற்குப் பதில் சொன்னதை நான் காட்டிக்கொடுத்ததாக நினைக்கவே இல்லை.

வெள்ளி பின்னேரம் அப்பா வேலையால் வந்தபோது நான் படியில் இருந்து அந்த வர்ணப் பெட்டியால் படம் கீறிக்கொண்டிருந்தேன்.

"ஆர் தந்தது இது?"

"ஷெஃப்."

"ஏன் தந்தவர்?"

பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே எனக்குப் பக்கத்தில் படியில் இருந்தார். நான் கீறிய படத்தைக் கனநேரம் பார்த்தார்.

"அம்மாட்டை இதைச் சொல்லாதை. ஒருத்தரிட்டையும் சொல்லாதை, என்ன?"

சொல்லாதே என்றால் அதில் ஏதோ இருக்கிறது. ஷெஃப்போடு தனக்கு இருக்கும் கொடுக்கல் வாங்கலை மறைக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ் அன்ரி இன்னும் இரண்டு பேரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் அந்தக் கையெழுத்துக் கடதாசி. ஷெஃப்பிடம் யார் சொன்னது என்று உன் அப்பாவிடம் கேள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளில் கையை வைத்து நிறுத்தினார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னைத்தான் கதைக்க விடுவார். அன்றைக்கு மட்டும் தானே ஜெர்மன் மொழியில், அவர்களை நேரே பார்த்துச் சொன்னார்.

"நான். நான்தான் சொன்னது."

குசினிக்குள் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. பஸ் அன்ரி கடதாசியை விரித்து, பேனையை எடுத்து, அப்பாவின் பெயரைக் குறுக்கே கோடு கீறி வெட்டினார். நான் அப்பாவின் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டேன். அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. அப்பாவோடு கதைக்கவும் இல்லை.

மிஞ்சிய பதினான்கு வீட்டுக்காரரும் அசையாமல் நின்றார்கள். வக்கீலைப் பிடித்தார்கள், சங்கத்தைப் பதிந்தார்கள், அடுத்த வருடம் வளவைக் குத்தகைக்கு எடுத்தும்விட்டார்கள். அவர்கள் வாடகை கொஞ்சம்தான் ஏறியது. பஸ் அன்ரியின் வோன்வாகன் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது என்று கேள்வி. எங்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமில்லை. ஷெஃப்பின் ஒப்பந்தத்திலும் அப்பா கடைசிவரைக்கும் கையெழுத்து வைக்கவில்லை. ஷெஃப்பின் ஆள் ஏன் வைக்கவில்லை என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆவணியில் சாமான்களை ஒரு வான் வண்டியில் ஏற்றினோம். டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில் நாலாம் மாடியில் ஒன்றரை அறை வீடு கிடைத்திருந்தது. அம்மா அந்த இரண்டு அடுப்பையும் கடைசியாக ஒருதரம் மினுக்கித் துடைத்துவிட்டு வந்து முன் இருக்கையில் ஏறினார். பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் நானும் அப்பாவும். இரண்டு மாதமாக நான் அவரோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. வான் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது கேட்டேன்.

"ஏனப்பா அவரிட்டைப் போய்ச் சொன்னனீங்கள்?"

அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பிழைதான், பிள்ளை" என்றார்.

"இனிமேல் இப்பிடிச் செய்யாதைங்கோ."

"ஓம்" என்றார்.

அவர் உண்மையாகவே வருந்துகிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்கும் இரக்கம் வந்தது. அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து இருந்து, சரி பரவாயில்லை என்று அவரை மன்னித்துவிட்டேன்.