பாறைக்குளத்துப் படகும் பல் லேப்பும்

கல்யாணமாகிப் பாறசாலைக்கு வந்த புதிதில் எனக்கும் என் கணவருக்கும் பேசிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. நான் காட்டாக்கடைக்காரி. நெய்யாற்றின்கரையில் செயற்கைப் பல் செய்யும் ஒரு பல் லேப்பில், பல்லுக்கு மாட்டும் உலோகக் கேப்புகளை அரைத்து மெருகேற்றுவது என் வேலை. அவர் வீடுகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுப்பவர். சாயங்காலம் இரண்டு பேரும் களைத்து வருவோம். "சாயா எடுக்கட்டா?" என்பேன். "எடு" என்பார். அதோடு முடிந்தது.

அவர் வாய் திறந்து பேசியதெல்லாம் தன் படகைப் பற்றித்தான். ரிமோட்டில் ஓடும், முழங்கை நீளப் படகு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சோறு உண்டதும் அதைத் தூக்கிக்கொண்டு உதியன்குளங்கரைக்கு உள்ளே இருக்கும் பாறைக்குளத்துக்குப் போவார். கல் உடைப்பது நின்று மழைத்தண்ணீர் நிரம்பிய பள்ளம் அது. அவரைப் போல அங்கே இன்னும் சிலர் படகோடு வருவார்கள். பந்தயத்தில் எப்போதும் முதலில் வருவது அவருடைய நண்பர் ஒருவரின் படகு. கடற்கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்துக்காரர் அவர். என் கணவர் எப்போதும் இரண்டாவது.

ஒரு விடுமுறை நாளில் பின்வாசலில் அமர்ந்து, படகின் பின்னால் சுழலும் பித்தளைப் புரொப்பல்லரைத் தடித்த அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன செய்யிதிய?"

"கடையில வாங்குனா முனை மொண்ணையாக்கும் மக்கா. தீட்டி எடுத்தா தண்ணிய அறுத்துட்டு போவும்."

"இந்த அரத்த வச்சா? இஞ்ச தாங்க."

வாங்கிப் பார்த்தேன். என் கட்டைவிரல் அளவில் இரண்டு இறக்கைகள். வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. மறுநாள் லேப்பில் சாப்பாட்டு வேளையில், பேனா போலப் பிடித்து அரைக்கும் மோட்டாரால் முனைகளைத் தீட்டி, முதுகுப் பக்கத்தை மெலித்து, கேப்புக்குப் போடும் மெருகையும் போட்டேன். வீட்டில் கொடுத்தபோது அவர் அதை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடி, இது மூக்குத்தி மாதிரி இருக்கு."

அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். படகு பாய்ந்து கிளம்பியது. பாதிக் குளம் தாண்டியதும் உடம்பெல்லாம் நடுங்கி, கர்ரென்று இரைந்து நின்றுவிட்டது. பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. கடற்கரை நண்பர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நீந்திப் போய்ப் படகை ஏந்தி வந்தார். புரொப்பல்லர் தண்டு வளைந்து, அது நுழையும் துளை வழியாகத் தண்ணீர் ஏறியிருந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் கணவர் படகைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே சிரித்தார். "பாதி வர நம்மளாக்கும் முன்னால. பாத்தியா நீ?"

வீட்டுக்கு வந்து யோசித்தோம். ஒரு இறக்கையை மற்றதைவிட நான் அதிகமாக அரைத்து, கனம் சமமில்லாமல் சுழன்றதில் தண்டு வளைந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அவர் இரண்டு சவர பிளேடுகளைச் சோப்புக்கட்டியில் நிமிர்த்திக் குத்தினார். ஒரு மெல்லிய கம்பியில் புரொப்பல்லரைக் கோத்து, கம்பியின் இரண்டு முனையும் பிளேடுகளின்மேல் படும்படி வைத்தோம். எப்படித் திருப்பி விட்டாலும் ஒரே இறக்கைதான் கீழே வந்து நின்றது. அதுதான் கனம். அதன் முதுகை உப்புத்தாளால் தேய்ப்பதும், வைத்துப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தோம். இடையில் அவர் தன் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னார். நான் லேப்பில் பல் மாறிப்போன கதையைச் சொன்னேன். கடைசியில் புரொப்பல்லர் விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. அன்றைக்கு அடுப்பில் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது.

புதுத் தண்டு போட்டு ஓடிய பந்தயத்தில் எங்கள் படகு முன்னால் வந்தது. என் கணவர் கத்தவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, படகை எடுக்க முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனார்.

நண்பர் என்னிடம் வந்தார். "சேச்சி, எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவியளா?"

நமக்காகக் குளத்தில் குதித்தவருக்கு எப்படி இல்லை என்பது? செய்து கொடுத்தேன். முதல் தடவையின் தப்பு தெரிந்திருந்ததால் இது இன்னும் நன்றாக வந்தது. அடுத்த ஞாயிறு அவர் படகு எங்களைப் பின்னால் விட்டுவிட்டு ஒரே சீறலாகப் போனது.

திரும்பி வரும்போது என் கணவர் பைக்கை வழக்கத்தைவிட வேகமாக விட்டார். பாறசாலை வந்ததும் கேட்டார்.

"அவனுக்கும் நீயா செஞ்சு குடுத்தே?"

"ஆமா. கேட்டாரு, குடுத்தேன்."

"எனக்குள்ளதவிட நல்லா?"

"கொஞ்சம்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று புரிந்தது.

"நாளைக்கி எனக்கு ஒண்ணு செய்யி. அவன்கிட்ட மட்டும் சொல்லாத கேட்டியா."

இப்போது குளத்துக்கு வருகிற எல்லோருமே புரொப்பல்லரை என்னிடம்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். யாருக்கும் குறைத்துச் செய்ய எனக்குக் கை வருவதில்லை. என் கணவர் சில வாரம் ஜெயிக்கிறார், பல வாரம் தோற்கிறார். தோற்ற வாரங்களில் வழியெல்லாம் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டே வருகிறார்.