மாமாவின் துப்பாக்கிக்கு நான் சொன்ன விலை

அவசரகாலத்தில் மலாக்கா டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் ஆணி, முள்கம்பி, மண்வெட்டி, பெயின்ட். பின்னறையில், பூட்டிய கம்பிக் கதவுக்கு அப்பால், வேட்டைத் துப்பாக்கிகள். முதலாளி தமிழ் முஸ்லிம். துப்பாக்கி வாங்கி விற்கும் லைசென்ஸ் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே இருந்தது. பின்னறை என் பொறுப்பு.

அப்போது துப்பாக்கி விற்க வருகிறவர்கள்தான் அதிகம், வாங்க வருகிறவர்கள் குறைவு. காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. புதிதாக ஒருவருக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. தோட்டாக்களைக்கூடப் போலீஸ் எண்ணித்தான் கொடுக்கும். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் துரைமார்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். நான் அதை மடக்கி, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்ப்பேன். உள்ளே புள்ளிப் புள்ளியாகத் துரு அரித்திருக்கிறதா, மடக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, கட்டையில் விரிசல் உண்டா என்று பார்ப்பேன். ஐந்து நிமிடத்தில் விலையைச் சொல்லிவிடுவேன். முதலாளி அதற்குமேல் கேள்வி கேட்க மாட்டார். எனக்கு இருபத்தாறு வயது. அந்த ஐந்து நிமிடங்களில் மட்டும் நான் ஒரு முக்கியமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற நேரங்களில் என்னைத் தேட ஆளில்லை. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அடுத்த ஆண்டே அம்மாவும் இறந்துவிட்டார். கடைக்கு மேலே ஓர் அறையில் படுத்துக்கொள்வேன். பேச வேண்டியதெல்லாம் கடையிலேயே பேசித் தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெம்பானுக்குப் பஸ் ஏறுவேன். அங்கிருந்து இரண்டு மைல் நடந்தால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வெளிவேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர்தான் மாமா. சொந்த மாமா இல்லை. அப்பாவோடு ஒரே கப்பலில் வந்து இறங்கியவர். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் கிடையாது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வாசலில் காவல்காரர்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடமாட்டார்கள். கட்டிக் கொடுத்தனுப்ப முடியாது என்பதால், நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்பது அத்தையின் கணக்கு.

சாப்பாடு முடிந்ததும் மாமா பேசுவார். பெரும்பாலும் அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் இருந்த பெரிய துரையோடு பத்து வருஷம் பன்றி வேட்டைக்குப் போனவர் மாமா. துரை ஊருக்குப் போகும்போது, ஆபீஸ் வாசலில் எல்லோரும் பார்க்க, தன் இரட்டைக் குழல் துப்பாக்கியை மாமாவின் கையில் கொடுத்தாராம். லண்டனிலேயே பேர்போன கம்பெனி, உனக்குத்தான் கொடுப்பேன் என்றாராம். ஜப்பான்காரன் வந்தபோது துப்பாக்கி வைத்திருந்தால் தலை போய்விடும். மாமா அதை ஒப்படைக்கவில்லை. எண்ணெய் பூசி, ரப்பர் ஷீட்டில் சுற்றி, ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால் மண்ணுக்குள் புதைத்து வைத்தார். மூன்றரை வருஷம். அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் தோண்டியெடுத்து லைசென்ஸ் வாங்கினார்.

எனக்கு இருபத்தாறு வயதான அந்த வருஷம் மாமாவுக்கு வேலைக்காலம் முடிய இருந்தது. நாகப்பட்டினத்துக்குப் போவது என்று முடிவு செய்திருந்தார்கள். துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கை கழுவிவிட்டு வந்தபோது, மாமா அதை மேசைமேல் வைத்திருந்தார். அதுவரை அதை நான் கையில் எடுத்ததில்லை. பேச்சில் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

"நீதான் டவுன்ல பெரிய கடையில இருக்கியேலா. பாத்துச் சொல்லு. என்னா வெலைக்குப் போவும்?"

மடக்கினேன். மடக்கும்போதே ஆட்டம் தெரிந்தது. இடது குழலில் மண்ணுக்குள் இருந்த காலம் அரித்த குழிகள். வலது குழலில் ஒரு நெளிவு. முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். முட்டை வடிவத்தில் சின்ன முத்திரை. பெல்ஜியம் நாட்டு முத்திரை அது. திருப்பி, பக்கவாட்டில் செதுக்கியிருந்த பெயரைப் படித்தேன். லண்டன் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்து இரண்டு முறை வரும். இதில் ஒரு முறைதான் இருந்தது. இந்த மாதிரி மூன்று துப்பாக்கிகள் ஏற்கெனவே எங்கள் கடைக்கு வந்திருந்தன. மலிவாகச் செய்து, பேர்போன பெயரைப் போலவே ஒன்றைச் செதுக்கி விற்பார்கள்.

"எழுவது போவும் மாமா."

"எழுநூறா?" அடுப்படியிலிருந்து அத்தை கேட்டார்.

மாமா சிரித்தார். "பாத்தியா, ஒங்கத்தைக்கே தெரியுது."

"இல்ல அத்தை. எழுவதுதான். எழுவது வெள்ளி."

மாமா நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன்?" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இப்போது துப்பாக்கிக்குக் காலம் சரியில்லை, வாங்க ஆளில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் கடையில் துரைமார்களுக்கு விளக்குவது போலவே நான் விளக்கினேன். ஆட்டத்தைக் காட்டினேன், குழியைக் காட்டினேன், முத்திரையைக் காட்டினேன். பிறகு பெயரில் விரலை வைத்து, "இங்க ஒரு எழுத்து கொறையுது மாமா. இது லண்டன் துப்பாக்கி இல்ல" என்றேன்.

மாமா மூக்குக் கண்ணாடியை எடுத்துவந்து போட்டுக்கொண்டார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர். தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் தினமும் பெயர் எழுதுகிறவர். இருபது வருஷமாக அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார். ஒவ்வோர் எழுத்தாக, வாயசையாமல், இரண்டு முறை படித்தார். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"தொரைக்குத் தெரியுமா?" என்றார் மாமா.

அது விலையைப் பற்றிய கேள்வி இல்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தெரியாம இருக்குமா மாமா? துப்பாக்கி பாத்துப் பழகினவங்க. நல்லத அவரு வச்சிக்கிட்டு இத குடுத்திருப்பாரு."

எனக்கு எதுவும் தெரியாது. அந்தத் துரையை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்த வேகத்தில், தெரியாததையும் சொல்லிவிட்டேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்பு" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமா வீட்டில் இல்லை. தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று அத்தை சொன்னார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அத்தை எப்போதும்போலச் சோறு போட்டார். எதிர் நாற்காலி காலியாக இருக்க, என்னால் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட முடியவில்லை. "அவரு ஒன்னும் சொல்லல தம்பி" என்றார் அத்தை, நான் கேட்காமலே.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, மாமா கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு. கையில் விற்பதற்கான போலீஸ் ஸ்டேஷன் சீட்டும், துணியில் சுற்றிய துப்பாக்கியும். என்னைத் தாண்டிப் போய் முதலாளியின் எதிரே உட்கார்ந்தார். முதலாளிக்கு அவரைத் தெரியாது. முதலாளி துப்பாக்கியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதப் பாத்து ஒரு வெல சொல்லுங்க வாப்பா."

நான் எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மடக்கினேன், மூடினேன். "நூத்தி இருவது குடுக்கலாம் முதலாளி" என்றேன். முதலாளி புருவத்தைத் தூக்கினார். அவருக்கும் ஓரளவு துப்பாக்கி தெரியும்.

மாமா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"நீங்க எழுவதுன்னுதானே சொன்னீங்க. அதையே போடுங்க."

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவர். என் அம்மாவின் காரியத்தன்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனவர். கடையில் வேலை செய்யும் யாரோ ஓர் ஆளிடம் பேசுகிற மரியாதையில் பேசினார். எழுபது என்று சீட்டில் எழுதினேன். அவர் பணத்தை வாங்கி, எண்ணாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதலாளிக்குக் கை கொடுத்தார். வாசல்வரை பின்னால் போனேன். "மாமா" என்றேன். "வேலையப் பாருங்க" என்றுவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

கப்பல் புறப்படும் தேதியை அத்தைதான் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்ப வேண்டும் என்று லீவு கேட்டேன், முதலாளியும் கொடுத்தார். அன்று காலை சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் நடுவில் அவர் என்னை மறுபடியும் நீங்க என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பஸ் போகும் நேரம் தாண்டியதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே வேலைக்குப் போனேன்.

துப்பாக்கி ஆறு மாதம் கடையில் கிடந்து, பிறகு ஜாசின் பக்கத்து மலாய்த் தோட்டக்காரர் ஒருவருக்குப் போயிற்று.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே பெயர், அதே எழுத்துப் பிழை, அதே முட்டை முத்திரை. நான் சொன்னதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. நம்பவில்லை. முதலாளியை விட்டு இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அது தன் தகப்பனார் வாங்கியது, அவர் சாகும்வரை அதை லண்டன் துப்பாக்கி என்றே எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார் என்றார். விற்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். வெள்ளைக்காரர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன், உங்கள் துரைக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கும், தெரியாததை நான் தெரிந்தவன்போலச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். கிழித்துக் கிழித்து நான்கு முறை எழுதினேன்.

பதில் அத்தையிடமிருந்து வந்தது, வேறு யாரோ எழுதிய கையெழுத்தில். நலமாக இருக்கிறார்கள். மழை சரியில்லை. மாமாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருப்பதால் என் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். நேரத்துக்குச் சாப்பிடு.

அவ்வளவுதான். அவர் எதற்காக இரண்டாம் முறை கேட்டார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நம்பியதாலா, நம்ப முடியாததாலா. மறுபடியும் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதி அஞ்சலில் போடாமல் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலறையிலேயே கிடப்பதை முதலாளி கவனித்திருக்க வேண்டும். ஒருநாள், "தம்பி, ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாங்களேன். சேந்து சாப்பிடலாம்" என்றார். புக்கிட் காத்தில் பக்கம் அவர் வீடு. இரண்டு வாரம் போனேன். முதலாளியின் மனைவி எனக்கென்று தனியாகக் காரம் குறைத்துச் சமைத்திருந்தார். பிள்ளைகள் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள், ஆனால் என்னை நீ என்று கூப்பிட அங்கே ஆளில்லை. மூன்றாவது வாரம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை.