ஓநாயும் சொர்ணலட்சுமியின் வயிற்றெரிச்சலும்

சின்னாளபட்டி மேற்குத் தெருவில் போய் சொர்ணலட்சுமி வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் எல்லாரும் முழிப்பார்கள். ‘படிக்கிற சொர்ணம்’ என்று கேட்க வேண்டும். உடனே கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்றால், அங்கம்மாள் வீட்டுக் கூடத்தால் வந்தது.

அந்தக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டுவார்கள். வெள்ளைத் துணியை நகத்து நுனியால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். சாயத்தில் முக்கிப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. கையும் கண்ணும் துணியிலேயே கிடக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற காது ஊர் வம்பைத் தேடாமல் என்ன செய்யும்? வம்பு முற்றி இரண்டு தடவை மயிரைப் பிடித்து உருண்ட பிறகு, துணி கொடுத்து வேலை வாங்குகிற அங்கம்மாள் ஓர் ஏற்பாடு செய்தாள். ஒருத்தி கதை படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கட்ட வேண்டும். படிக்கிறவள் பங்குத் துணியில் ஆளுக்கொரு வரிசை கட்டிக் கொடுத்துவிட வேண்டும்.

படிக்கிற அந்த இடம் சொர்ணலட்சுமிக்கு வந்தது. வந்த பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியுமா? ஜன்னல் வெளிச்சம் அவளுக்கு. முதல் காப்பி அவளுக்கு. “அப்புறம் என்னடி ஆச்சு சொர்ணம்?” என்று எல்லாரும் கெஞ்சுகிற நேரம் பார்த்துப் புத்தகத்தை மூடி, “தொண்டை வலிக்குது, மிச்சம் நாளைக்கு” என்பாள். தொண்டையும் வலிக்காது, ஒன்றும் வலிக்காது. எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் கூடத்தில் பிரிப்பாள். முடிவு தனக்கு மட்டும் தெரியும் என்கிற மிதப்பு அவளுக்கு வெற்றிலை பாக்குப் போட்ட மாதிரி.

அறுபத்தொன்றாம் வருஷம், அங்கம்மாள் வீட்டுக்காரர் திண்டுக்கல்லுக்குச் சேலை கொண்டுபோனவர் திரும்பும்போது ஒரு புத்தகம் வாங்கி வந்தார். ‘செங்கனியின் பயணம் – முதல் பாகம்’. உள்ளே படமெல்லாம் போட்டிருந்தது.

“இது வயசுப் பிள்ளைக படிக்கிறதுல்ல? நாங்க என்ன பள்ளிக்கூடத்துக்கா போறோம்?” என்று அங்கம்மாள் புருஷனை வாரினாள். சொர்ணலட்சுமியும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

போனவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செங்கனி ஆடு மேய்க்கிற பெண். மழையைக் கூப்பிட்டால் மழை வரும். மழையைப் பிடித்துக் கருமலைக்குள் பூட்டி வைத்திருக்கிற மந்திரவாதியைத் தேடிப் போகிறாள். துணைக்கு ஒரு நொண்டி ஓநாய், பேர் கருவாயன். அது பேசும், அதுவும் என்ன பேச்சு! பசித்தால் மந்திரவாதியைத் திட்டும், பயந்தால் செங்கனியைத் திட்டும். சொர்ணலட்சுமி தனியாக உட்கார்ந்து கெக்கேபிக்கே என்று சிரித்தாள். சாயங்காலம் தறியிலிருந்து எழுந்து வந்த அவள் புருஷன் பொன்னுத்துரை மூக்கை உறிஞ்சினார்.

“ஏய், வெஞ்சனம் தீயுது.”

“தீயட்டும். இங்க ஓநாய் செத்துக்கிட்டு இருக்கு!”

ஆமாம், கடைசி அத்தியாயத்தில் செங்கனிக்கு வருகிற அம்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கருவாயன் கண்ணை மூடிவிட்டது. ‘தொடரும் இரண்டாம் பாகத்தில்’ என்று போட்டிருந்தது. சொர்ணலட்சுமி அழுத அழுகையில், அவள் பிறந்த வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பொன்னுத்துரை பதறிப்போனார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, தீய்ந்த கத்தரிக்காயைத் தின்றார்.

மறுநாள் கூடத்தில் படிக்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் போயிற்று. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவள் சொன்ன பொய்யெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பலித்த மாதிரி, தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. பேசினால் காற்றுதான் வந்தது.

“வேலுமணி, செத்த நேரம் நீ படி ஆத்தா” என்றாள் அங்கம்மாள். வேலுமணி அவளுடைய புது மருமகள். எரியோட்டிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எட்டாவது வரைக்கும் படித்தவள்.

அந்தப் பெண்ணுக்குக் கதை தெரியாது, படிக்கப் படிக்கத்தான் அவளுக்கும் தெரிந்தது. குகை வாசல் வந்ததும் பயத்தில் குரல் கம்மிப்போயிற்று. “ஐயோ, நான் மாட்டேன், நீங்களே பாருங்கத்தை!” என்று புத்தகத்தை மாமியாரிடம் நீட்டினாள். கருவாயன் கிண்டல் பண்ணுகிற இடத்தில் வாய்விட்டுப் படிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். “என்னடி, எங்களுக்கும் சொல்லிட்டுச் சிரி” என்று கூடமே அவளைப் பிடித்து உலுக்கும். ஓநாய்க்கென்று ஒரு கரகரப்பான குரல்வேறு எடுத்தாள். அதைக் கேட்டுச் சுந்தரம்மாள் நூலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சுந்தரம்மாள் யாருக்கும் லேசில் பல்லைக் காட்டாதவள்.

சொர்ணலட்சுமிக்குத் தொண்டை சரியானதும் வெளிச்சத்துப் பக்கம் போய் உட்காரப் போனாள். சுந்தரம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

“நீ தொண்டையை நல்லா ஆத்திக்க சொர்ணம். இந்தக் கதையை வேலுமணியே முடிக்கட்டும்.”

ஒருத்தியாவது மறுத்துப் பேச வேண்டுமே! எல்லாரும் குனிந்து துணியைப் பார்த்தார்கள். சொர்ணலட்சுமி சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, தன் துணியைத் தானே எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் கட்டிக் கொடுத்துப் பழகிய கை. நகம் வழுக்கியது, நூல் அறுந்தது. சாயங்காலம் அங்கம்மாள் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “என்னடி இது, புள்ளியெல்லாம் கள்ளுக் குடிச்சிட்டு நடக்குது?” என்றாள். கூடம் சிரித்தது. வேலுமணி சிரிக்கவில்லை, “நான் கட்டித் தாரேன்க்கா” என்றாள். அது சொர்ணலட்சுமியை இன்னும் சுட்டது.

பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை. அந்தப் பெண்ணின் குரல் மேல் பொறாமை, எட்டாம் வகுப்பின் மேல் பொறாமை, ஜன்னல் வெளிச்சம் அவள் மூக்குத்தியில் விழுவதன் மேல்கூடப் பொறாமை. அதற்கும் மேலே ஒன்று இருந்தது, அதுதான் அவளை அரித்தது. சுற்றி இருக்கிற அத்தனை பேரும் இந்தக் கதையை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாலம் இடியப்போவது அவர்களுக்குத் தெரியாது. கிழவன் வேஷத்தில் வந்திருப்பது மந்திரவாதி என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் வாயைப் பிளந்தார்கள். சொர்ணலட்சுமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரே மத்தியானத்தில் தின்று தீர்த்துவிட்டு, இப்போது மற்றவர்கள் மென்று தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. கருவாயன் செங்கனியைச் சுமந்து ஆற்றைக் கடந்துவிட்டது, எல்லாரும் பூரித்துப்போய் இருந்தார்கள். சொர்ணலட்சுமி பட்டென்று சொன்னாள்:

“ரொம்பக் குதிக்காதீங்க. கடைசியில அந்த ஓநாய் செத்துப்போகும்.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் சுந்தரம்மாள் கையைக் கொட்டினாள்.

“அடியாத்தீ! எம்புட்டு வயித்தெரிச்சல் பாரு! இடம் போச்சுன்னு ஓநாயைச் சாகடிக்கிறா!”

“சத்தியமாச் சொல்றேன், நான் படிச்சிட்டேன்!”

“நீ சொல்லுவ, சொல்லுவ. அம்புட்டு நல்ல ஓநாயை எவனாவது கொல்லுவானா? நீ படிடி வேலுமணி.”

யாரும் நம்பவில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில்கூட யாரும் உட்காரவில்லை. உண்மையைச் சொல்லிக் கெட்ட பேர் வாங்கியவள் முடிச்சு முடிச்சாக இறுக்கிக்கொண்டே மனசுக்குள் கருவினாள். வரட்டும், கடைசி அத்தியாயம் வரட்டும். அப்போது எல்லாரும் ஓவென்று அழுவார்கள். அழுதுகொண்டே என் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு எழுந்து போய் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்காருகிறேனா இல்லையா பார் என்று அந்த நாளை எதிர்பார்த்திருந்தாள்.

கடைசி அத்தியாயமும் வந்தது. மந்திரவாதி வில்லை வளைத்தான். அம்பு வந்தது. கருவாயன் பாய்ந்தது. ஒருத்தர் கையும் ஓடவில்லை. வேலுமணி பக்கத்தைத் திருப்பினாள். இடது பக்கம் படம், வலது பக்கம் மேலே நாலே நாலு வரி. சொர்ணலட்சுமிக்கு அந்த நாலு வரியும் மனப்பாடம்.

வேலுமணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் அந்த வரியைப் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தாள். சுந்தரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுமணி குனிந்தாள்.

“‘அம்பு தோளை உரசிக்கொண்டு போயிற்று. கருவாயன் மெல்லக் கண்ணைத் திறந்து, அழாதே பெண்ணே, எனக்குப் பசிக்கிறது என்றது’” என்று படித்தாள்.

கூடம் கொல்லென்று சிரித்தது, அழுதது, மூக்கைச் சிந்தியது. “பாத்தியாடி, பாத்தியா! செத்துப்போகும்னு சொன்னியே, பொய்க்காரி!” என்று சுந்தரம்மாள் திரும்பினாள்.

சொர்ணலட்சுமி வாயைத் திறந்தாள். ‘அங்க அப்படி இல்ல, இவ புளுகுறா, புத்தகத்தைக் குடு’ என்று ஒரு வார்த்தை போதும். இடம் திரும்பி வந்துவிடும். ஆனால் அதற்கு அந்த ஓநாயை இந்த அத்தனை பேர் முன்னால் இன்னொரு தடவை கொல்ல வேண்டும். அன்றைக்கு வாசற்படியில் தான் அழுதது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“ஆமா, பொய்தான் சொன்னேன். போங்கடி” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு எரிந்த மாதிரி அவள் வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை. இத்தனை வருஷமாக எத்தனை புத்தகம் படித்திருப்பாள்! எத்தனை பேரைச் செத்துப்போக விட்டிருப்பாள்! ஒரு வரியை மாற்றலாம் என்று தனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை? நேற்று வந்த பெண்ணுக்குத் தோன்றிவிட்டதே!

அடுத்த வருஷம் மாசித் திருவிழா சமயத்தில் இரண்டாம் பாகம் வந்தது. வேலுமணிக்கு அப்போது ஏழாம் மாதம். புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். உடனே மூடிவிட்டாள்.

“எனக்கு மூச்சு வாங்குதுக்கா. இதை நீங்களே படிங்க” என்று சொர்ணலட்சுமி கையில் கொடுத்தாள்.

சொர்ணலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் முதலில் படித்துவிட்டு வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் அத்தியாயத்தைப் பிரித்தாள். கருவாயனைப் புதைத்த மண்மேட்டின் மேல் தலையை வைத்துச் செங்கனி அழுதுகொண்டிருந்தாள்.

சொர்ணலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். வேலுமணி குனிந்த தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அடி பாதகத்தி!

“என்ன சொர்ணம், படி. கருவாயன் எங்க இருக்கு இப்ப?” என்றாள் சுந்தரம்மாள்.

சொர்ணலட்சுமி புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே தூக்கினாள். “‘ஒரு மண்மேட்டின் மேல் செங்கனியும் கருவாயனும் உட்கார்ந்திருந்தார்கள்’” என்று படித்தாள். அப்புறம் அந்த ஓநாயை எங்கே கொண்டுபோய் விடுவது? ஆறு வந்தால் அதை நீந்த வைக்க வேண்டும், சோறு வந்தால் அதற்கும் ஒரு கவளம் போட வேண்டும், செங்கனி தனியாகப் புலம்புகிற இடத்திலெல்லாம் அதற்கு ஒரு பதில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண் அச்சிலும் ஒரு கண் இல்லாத ஓநாயின் மேலுமாக, அத்தியாயம் முடிவதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது.

சுந்தரம்மாள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

“என்னமோ போ சொர்ணம். வேலுமணி படிக்கிறப்ப இந்த ஓநாய் இன்னும் நல்லாப் பேசும்.”